மூன்று பிரிவும் ஒரு டூல் ரூமும்

ஒரு கம்பெனி தன்னைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தால் எனக்குக் கொண்டாட்டம். ஒவ்வொரு துண்டும் என்ன விலை போகும் என்று பார்த்து, வரும் தொகையைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, இந்தப் பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. அக்கா புருஷன் வேலை பார்க்கும் கம்பெனியும் ஒருநாள் என் மேஜைக்கு வந்தது. பம்புப் பிரிவு ஒருவருக்கு, மோட்டார் பிரிவு இன்னொருவருக்கு. மின்விசிறிப் பிரிவு மட்டும் மிச்சம்.

அத்தானிடம் அந்தக் கம்பெனிப் பங்குகள் நாலாயிரம் இருந்தன. இருபத்தாறு வருட வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தவை. அவற்றை விற்றுச் சொந்தமாக ஒரு பட்டறை போட நினைத்தார். இரும்பு கடைய ஒரு பழைய லேத் இயந்திரத்துக்கு விலைகூடப் பேசியாயிற்று. வீட்டில் பங்கு இருக்கிறது என்று அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நான் வேலையில் இறங்கினேன். நூற்று அறுபது ரூபாயில் நிற்கும் பங்கு இருநூற்றுப் பத்துக்குப் போகும் என்று என் அறிக்கை வெளியானது. அத்தான் விற்பதை நிறுத்திவிட்டார். மச்சினி சொன்னால் தப்பாது என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டாராம்.

ஞாயிறு மதியம் போனபோது அறிக்கையை அச்செடுத்து, வரிக்கு வரி ஸ்கேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா கால்குலேட்டரம்மா. பம்பு இருக்கு, மோட்டார் இருக்கு, ஃபேன் இருக்கு. எங்க டூல் ரூமை மட்டும் காணோமே?"

மூன்று பிரிவுகளுக்கும் வேண்டிய அச்சுகளைச் செய்யும் இடம் அது. அத்தான் அங்கே சூப்பர்வைசர்.

"பொதுச் செலவுல இருக்கு அத்தான். விற்பனைக்குத் தக்கபடி மூணாப் பிரிச்சுப் போட்டிருக்கேன்."

"எங்களை எப்படிம்மா பிரிப்ப? எண்பது பேரும் ஒரே கூரைக்குக் கீழ நிக்கிறோம். பம்பு வாங்கினவனும் வேணாம்னுட்டான், மோட்டார் வாங்கினவனும் வேணாம்னுட்டான். வித்த ஒப்பந்தத்துலயே போட்டிருக்கே. கம்பெனி வெப்சைட்ல எல்லாருக்கும் தெரியற மாதிரிதான கிடக்கு!"

பொதுச் செலவை விகிதம் பார்த்துப் பிரிப்பது எங்கள் தொழிலில் கை தன்னால் செய்கிற வேலை. அதனால் பம்பு போனதும் அதன் தலையில் எழுதிய டூல் ரூம் செலவும் என் அட்டவணையிலிருந்து போய்விட்டது. மோட்டாருக்கும் அதே கதி. நிஜத்தில் எண்பது பேரின் சம்பளமும் மின்விசிறியின் தலையில் விடியப்போகிறது. இருநூற்றுப் பத்தாவது, மண்ணாங்கட்டியாவது!

"இனிமே இதைப் பத்திப் பேச வேணாம் அத்தான்" என்றேன். அறிக்கைக்குத் திருத்தம் வெளியாகும்வரை நான் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தாள்களை மடித்து வைத்துவிட்டு, "சாப்பாடு போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். காலையில் முதல் வேலையாக விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட ஆசைதான்; சொல்லவில்லை. என் முதல் நேர்காணலுக்கு லீவு போட்டுக் கூட்டிப்போய், வாசலில் நாலு மணி நேரம் நின்ற மனிதர் அவர்.

திங்களன்று மேலதிகாரியிடம் தவறை ஒப்புக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்று முழுக்கப் பங்கு நூற்று அறுபத்திரண்டில் நின்றது. செவ்வாய் மதியம் திருத்தம் வெளியானது. டூல் ரூமை மூடினாலொழிய இந்தப் பங்கு ஏறாது என்று அதில் என் கையாலேயே எழுதியிருந்தேன். சாயங்காலத்துக்குள் விலை நூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது. உடனே போன் போட்டேன்.

"நேத்தே வித்துட்டீங்கதான அத்தான்?"

"இல்லம்மா."

"ஏன்? அந்த ஒப்பந்தத்தை எனக்கே நீங்கதான் சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"ஒப்பந்தம் தெரியும். அதனால விலை இறங்கும்னு உன் மூஞ்சியைப் பார்த்துதான் தெரிஞ்சுது. அதை வச்சு வித்திருந்தா, மச்சினிதான் சொல்லிக் கொடுத்தான்னு உன்னைக் கூப்பிட்டு விசாரிக்க மாட்டாங்களா?"

"அப்ப லேத்து?"

"வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன். திருத்தி எழுதினதையும் படிச்சேன். டூல் ரூம் விஷயம் சரியாத்தான் எழுதியிருக்க. மூடத்தான் போறாங்க. வீட்டுல ஒருத்தருக்காவது வேலை இருக்கணும்ல?"