ஹரீதியைப் பெற்றவள் பெயர்

கொன்றவனே துக்கம் கேட்க வந்தால் எப்படி இருக்கும்? ஷௌகியாவின் அப்பாவைச் சுட்ட அந்தப் பாவி ஹரீதி, ஊர்ப் பெரியவர்கள் புடைசூழ, அவள் வீட்டு முற்றத்திலேயே மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா கொடுக்கும் காப்பியை அவன் குடித்துவிட்டால் பழி முடிந்ததாக அர்த்தம். பிறகு நைல் கரையில் எவனும் அதைக் கிளறக் கூடாது. மகனையாவது உயிரோடு காப்பாற்றலாம் என்று அம்மா அதற்கும் இணங்கிவிட்டாள்.

ஷௌகியாவும் தம்பி தஸூகியும் இணங்கவில்லை.

போன வாரம்தான் விஷயம் வெளிப்பட்டது. வேண்டாத விருந்தாளி போனதும் அவன் முதுகுக்குப் பின்னால் மண்கூஜாவை உடைப்பது அங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கொத்த வந்த சேவலைத் துரத்திய தஸூகி, "ஸரீஃபா மகனே, ஒழிஞ்சு போடா!" என்று விளையாட்டாக ஒரு கூஜாவை உடைத்தான். ஸரீஃபா அவர்கள் வீட்டுப் பெட்டைக்கோழி. சேவல் அங்கேயே சுருண்டு செத்தது. அம்மா இருவரையும் அறைந்தாள்; அழுதுகொண்டே உண்மையையும் சொன்னாள். பாரோ மன்னர்கள் காலத்தில் பகைவன் பெயரைச் சிவப்புப் பானையில் எழுதிக் கோயிலில் உடைத்த பூசாரிகளின் ரத்தம் அவளுடையது. ஆளை வீழ்த்த அவன் தாய் பெயரும் வேண்டும். அந்த ஊர் ஆண்களோ, தலையே போனாலும் பெற்றவள் பெயரை வெளியில் விடமாட்டார்கள்.

ஹரீதி காப்பிக்குக் கை நீட்டினான்.

"இருங்க, ஒண்ணு கேக்கணும்," என்றாள் ஷௌகியா. "உங்களைப் பெத்தவ யாருன்னு உங்களுக்கே தெரியாதாமே? வாய்க்கால் ஓரத்துல கெடந்த புள்ளைன்னு ஊரே சிரிக்குது."

"ஏய், வாயை மூடுடி!" என்று அலறினாள் அம்மா.

பெரியவர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அவ்வளவுதான், ஹரீதிக்குத் தலைக்கேறியது.

"எவன்டா சிரிச்சது? நான் ஃபக்கீஹா மகன்டா! அவ வயித்துல பொறந்தவன்டா!"

ஷௌகியா முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த மண்கூஜாவைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"ஃபக்கீஹா மகன் ஹரீதி!"

கூஜா சிதறியது. ஹரீதியின் இரண்டு கால்களும் முறிந்தன. அவன் தரையில் கிடந்து ஊளையிட்டான். பெரியவர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் ஓட்டம் பிடித்தார்கள். தஸூகி உடைந்த கூஜாவின் பெரிய ஓடு ஒன்றை மிதித்தான். ஹரீதியின் கை ஒடிந்தது. பையனுக்கு வெறி பிடித்துவிட்டது, அடுத்த ஓட்டின் மேல் குதிக்கப் போனான்.

ஷௌகியா அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவசரப்படாதடா. கரும்புக் காட்டுல நம்ம அப்பா சாகறதுக்கு ராத்திரி முழுக்க ஆச்சு. மெதுவா மிதி."