புதன்கிழமை மாம்பழ வாசனை

பக்கத்து வீட்டு மெர்சியின் கூடத்தில் புதன்கிழமைதோறும் ஆண்டவர் இறங்கினார். இறங்கும்போதெல்லாம் மாம்பழம் மணத்தது.

நான் அந்தச் சபைக்காரி இல்லை. ஆனால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் என் துணி துவைக்கிற கல், அதற்கு மேலே அவர்கள் பாத்ரூம் ஜன்னல். எனக்குத் தெரியாமல் அங்கே ரசம்கூடக் கொதித்ததில்லை.

முதல் தடவை ஐப்பசி மழையில் வந்தது, வீட்டு ஜெபத்தின் நடுவே. மாம்பழம் விற்கிற மாதமே இல்லையே என்று மெர்சி அழ, தேவப் பிரசன்னம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் எபினேசர் அன்று முழங்காலில் விழுந்தவன்தான், அதன்பிறகு பாட்டிலைத் தொடவில்லை. செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டிலிருந்தெல்லாம் பெண்கள் ரயிலேறி வந்தார்கள், முகர்ந்துவிட்டுப் போக.

"ரத்னாக்கா, உனுக்கும் வருதா?"

"வருதுடி. பங்கனபள்ளி."

ஆண்டவர் வருவதற்குப் பாத்ரூம் ஜன்னலைத் தேர்ந்தெடுத்ததுதான் எனக்கு இடித்தது. ஒரு புதன்கிழமை கல்மேல் ஏறி நின்றேன். கம்பிக்குப் பின்னால் ஹைலைட்டர் பேனா போல ஒரு ஊதாக் குழாய். அதன் நுனியில் அவர்கள் மகள் ஜெபாவின் உதடு. பதினொன்றாவது படிக்கிறாள்.

மறுநாள் குழாயடியில் பிடித்தேன்.

"இன்னாடி அது?"

"வேப்பு, ஆன்ட்டி. பேட்டரில புகை வரும். கிளாஸ்ல பாதிப் பேரு இழுக்குதுங்க. டாய்லெட்ல ஒண்ணையே மாத்தி மாத்திக் குடுப்போம்."

"சிகரெட்டா?"

"சீ! வெறும் மாம்பழ ஃப்ளேவரு." சொல்லும்போதே இருமல் வந்தது. குடத்தைக் கீழே வைத்தாள்.

"வெறும் ஃப்ளேவருக்குத்தான் இந்த இருமலா? இரு, உங்கம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லுங்க. நடுவுல ரெண்டு வாரம் நானே நிறுத்திப் பாத்தேன். வாசனை வரலன்னு நைனா ஒயின்ஷாப் வாசல் வரைக்கும் போய்ட்டு வந்தாரு. அவரு குடிச்சா அம்மாக்கு இன்னா ஆவும்னு தெரியும்ல? பல்லு உடைஞ்சத தெரு பூரா சொன்னதே நீங்கதான."

கேட்டதைச் செரிக்காமல் வயிற்றில் வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கமில்லை. அந்த வாரமெல்லாம் வாயைத் திறந்தாலே வெளியே விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதற்குள் ஜெபா மாடிப்படியில் பாதியில் உட்கார ஆரம்பித்திருந்தாள். மூச்சு விசில் அடித்தது. "எல்லாம் கம்பெனிப் புகைக்கா" என்றாள் மெர்சி. "இந்தப் புதன்கிழமை அவ நெஞ்சுக்காகவே ஸ்பெஷல் ஜெபம் வெச்சிக்கிறோம்."

அந்தப் புதனும் வந்தது. பாட்டு முடிந்தது, ஜெபம் நீண்டது, வாசனை மட்டும் வரவில்லை. "எம் பொண்ணுக்காகக் கேக்கறேன், இன்னிக்குப் போயி வராம இருக்கியே ஆண்டவரே" என்று எபினேசரின் குரல் உடைந்தது. எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு ஒயின்ஷாப்புக்குக் கிளம்பப் போகிறவனின் குரல் அது. பாத்ரூம் தாழ்ப்பாள் விழுந்தது.

கல்மேல் ஏறினேன். கம்பி வழியாகக் கையை உள்ளே நீட்டினேன்.

"குட்த்துடுடி. வேணான்டி கண்ணு."

ஜெபா என் கையைப் பார்த்தாள். கூடத்துப் பக்கம் காது கொடுத்தாள். பிறகு இழுத்தாள், நெஞ்சுக்கூடு ஒட்டிப்போகிற வரைக்கும்.

இருமல் தொடங்கியது, நிற்கவில்லை. கூடத்தில் யாரோ "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று கத்த, கைத்தட்டலில் அது மூழ்கிப்போனது. என் கை கம்பிக்குள்ளேயே நீண்டிருந்தது. விரல்களுக்கு நடுவே மாம்பழப் புகை நுழைந்து, காய்கிற என் துணிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.