வெள்ளை டப்பாவில் கலந்தது

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் தையல்காரம்மா ஊசிப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினாள். ஒளித்து வைத்திருந்த சின்ன டியூபை எடுத்து, மகள் தினமும் முகத்தில் பூசும் சாதாரண களிம்பு டப்பாவுக்குள் பிதுக்கி, ஐஸ் குச்சியால் கலக்கினாள். மேலே வழவழவென்று தடவி மூடினாள். இரண்டும் ஒரே வெள்ளை. ஐந்து வாரமாக இந்தக் கலவை நடக்கிறது.

மகள் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். பிள்ளைகளுக்கு அவள் மீனக்கா. காலை முழுக்க வெயிலில் நின்று கருத்துப்போவாள். அதைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கவலையெல்லாம் அம்மாவுக்குத்தான். கல்யாணம் நிச்சயமான அன்று மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணு கொஞ்சம் மங்கல்தான். பரவால்ல, போட்டோவுல லைட்டைக் கூட்டிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னது அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. வெளுக்க வைக்கும் களிம்பு எதுவும் வேண்டாமென்று மகள் ஒரேயடியாக மறுத்தாள். பக்கத்து அழகு நிலையக்காரி காதில் ஓதிய டியூபையோ, மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுத்தார்கள்.

முதலில் முகம் பளபளத்தது. கல்யாணக் களை வந்துவிட்டதென்று அப்பா கேலி செய்தார். அம்மா மிஷினை மிதித்தபடி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் கன்னத்தில் சிவப்பு நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. வெயில் பட்டால் எரிந்தது. இரண்டே நாள் பொறுத்தால் அடங்கிவிடும் என்று அம்மா இன்னும் கொஞ்சம் கலந்தாள். கடைசியில் முகமெல்லாம் பரு கிளம்பி, நீச்சல் குளத்துத் தண்ணீர் மிளகாய் பூசியதுபோல் எரியத் தொடங்கியது. ஒட்டிக்கொள்ளும் வியாதியோ என்று பிள்ளைகளின் பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். டாக்டர் சான்றிதழ் கொண்டுவரும்வரை வரவேண்டாம் என்றார் குளத்தின் மேலாளர். பிள்ளைகளின் முதல் போட்டிக்கு இருபது நாள்தான் இருந்தது.

அன்றே அம்மா டியூபைக் குப்பையில் எறிந்தாள். டப்பாவைக் கழுவிவிட்டு, அதே மாதிரிப் புது டப்பா வாங்கி வைத்தாள். யாருக்கும் தெரியாமல் வந்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தாள். நான்காம் நாள் காலை மகளின் கண் இமைகள் வீங்கி, முகம் முழுக்க நெருப்பாய்ச் சிவந்து கிடந்தது.

தோல் டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என்ன பூசினாய் என்று மூன்று தடவை கேட்டார். மகள் கைப்பையிலிருந்து புது டப்பாவை எடுத்துக் காட்டினாள். இதனால் இப்படி ஆகவே ஆகாது, வேறு நோயாக இருக்கலாம், கன்னத்தில் சிறு துண்டு வெட்டிச் சோதிக்க வேண்டும், தழும்பு நிற்கும் என்றார் டாக்டர்.

"வெட்டுங்க டாக்டர். புள்ளைங்களுக்குப் போட்டி இருக்கு," என்றாள் மகள்.

நர்ஸ் கையுறையை மாட்டினாள். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"வெட்டாதீங்க டாக்டர். நான்தான்... அவளுக்குத் தெரியாம ஒரு டியூபைக் கலந்தேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள்.

டியூபின் பெயரைக் கேட்டதும் டாக்டர் பெருமூச்சு விட்டார். அது ஸ்டீராய்டு என்றார். "மேல்தோல் ஒரு தாள் கனம்தாம்மா. கிருமியை உள்ள விடாம, உள்ள இருக்குற ஈரத்தை வெளிய விடாம காக்குறது அதுதான். ரத்தக்குழாய், நரம்பு, வேர்வைச் சுரப்பி எல்லாம் அதுக்கடியில இருக்குற இன்னொரு அடுக்குல இருக்கு. நீங்க ரெண்டு அடுக்கையுமே மெலிசாக்கிட்டீங்க. திடீர்னு நிறுத்தவும் இப்படிச் சீறிக்கிட்டு வந்திருக்கு. அப்புறம் அந்தக் கருப்பு இருக்கே, அது வெயிலுக்கு உடம்பே விரிச்சுக்குற குடை."

முப்பது வருடம் துணியைத் தொட்ட கை அவளுடையது. அளவுக்கு மீறி வெளுத்த துணி எப்படி இழை இழையாக விட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். மகளின் கன்னம் அப்படித்தான் இருந்தது. சரியாகப் பல மாதம் ஆகலாம் என்று சொல்லி, தொற்றுநோய் இல்லை என்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பிறகு மகள் மெல்லச் சொன்னாள்: "அந்த அத்தை சொன்னப்ப எனக்கு வலிக்கலம்மா. நீயும் அப்படித்தான் நெனச்சிருக்கேன்னு இப்ப தெரியுது பாரு, அதுதான் வலிக்குது."

மறுநாள் காலை மகள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நீச்சல் குளத்துக்குக் கிளம்பினாள். தையல் கடையைப் பூட்டிவிட்டு அம்மாவும் கூடவே போனாள். மேலாளர் சான்றிதழைப் படித்துத் தலையாட்டினார். பெஞ்சில் இருந்த தாய்மார்கள் மட்டும் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்தார்கள். அம்மா அவர்கள் முன்னால் போய் நின்றாள்.

"பயப்படாதீங்க, எம் பொண்ணுக்கு எந்த வியாதியும் இல்ல. அவ கலர் பத்தலைன்னு அவளுக்கே தெரியாம களிம்பைக் கலந்து வெச்சு அவ முகத்தைக் கெடுத்தவ நான். தோல் நம்மளக் காக்குறதுக்குத்தான் இருக்கு, அடுத்தவங்க பார்த்து மார்க் போடுறதுக்கு இல்ல. வியாதி அவ முகத்துல இல்லம்மா. எங் கண்ணுல இருந்துச்சு."

ஒரு தாய் தன் மகளின் தோளில் வைத்திருந்த கையை எடுத்தாள். அந்தச் சிறுமி நேராக மீனக்காவிடம் ஓடினாள்.