கம்பளி போர்த்திய சவுக்காரம்

கமலநாதன் குளித்து எட்டு நாளாகியிருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷன். வீடு திரும்பினால் குளிக்காமல் சோற்றில் கை வைக்காதவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததோடு எல்லாம் மாறிப் போனது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்கியது குளியலறையில், ஒரு சவுக்காரக் கட்டியில். இடது கையில் நிற்காமல் வழுக்கியதை எடுக்கக் குனிந்தார், அவரும் விழுந்தார். ஒரே மாதத்தில் இரண்டு தடவை.

இனிமேல் நானே குளிப்பாட்டி விடுகிறேன் என்றாள் அவர் மனைவி உஷாராணி. அந்த ஒரு சொல்தான் வினையாகிப் போனது.

"கைப்புள்ளையத்தான் குளிப்பாட்டுவாங்க. இல்லாட்டிப் பொணத்த. நான் இதுல எது?"

அதற்குப் பிறகு அவர் குளியலறைப் பக்கமே போகவில்லை. ஈரத்துணியால் துடைக்கப் போனாலும் தட்டிவிட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. பூச்சோங்கிலிருந்து வந்த மகள் தாமரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்தவள், வாடை பொறுக்காமல் எழுந்துபோய் சன்னலைத் திறந்தாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

அடுப்படியில் தாமரை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். முதுகில் புண் வைத்தால் தாங்காது, தன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, பேசி வைத்திருக்கிறாள்.

"அடுத்த திங்கக்கிழம வரைக்கும் பாப்போம்மா. அதுக்கு மேல முடியாது லா."

அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்ல முடியாது. சொல்லி முடித்ததும் அவளேதான் அழுதாள்.

உஷாராணி மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை ஒரு சவுக்காரக் கட்டிக்கு விட்டுக் கொடுப்பதா? சவுக்காரம் வழுக்காமலிருக்க வழி உண்டா என்று கைப்பேசியில் தேடித் தேடி, ஒரு வெள்ளைக்காரப் பெண் செய்து காட்டுவதைக் கண்டுபிடித்தாள். சவுக்காரத்தைச் சுற்றிக் கம்பளியைப் போர்த்தி வெந்நீர் விட்டுத் தேய்த்தால், கம்பளி சுருங்கி இறுகித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. நுரை வரும், கையை விட்டு வழுக்காது.

உடனே லிட்டில் இந்தியாவுக்கு ஓடி, குழந்தைச் சட்டை பின்னுகிற வுல் உருண்டை ஒன்றை வாங்கி வந்து சுற்றினாள். ஒரு மணி நேரம் தேய்த்ததில் சவுக்காரம் பாதி கரைந்தது. நூல் ஊறிப்போன மீ நூடுல்ஸ் மாதிரி விரலில் தொங்கியது. கீழ்வீட்டுத் தையல்காரி ஹாஜிரா அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள். இது பிளாஸ்டிக் நூல் அக்கா, ஜென்மத்துக்கும் இறுகாது, ஆட்டு ரோமம் வேண்டும் என்றாள். பொம்மை செய்ய வாங்கி மிஞ்சிய நிஜக் கம்பளி அவளிடம் ஒரு பை கிடந்தது. பழுப்பு நிறம். அதை அப்படியே கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை உஷாராணி கூடத்திலேயே தண்ணீர் பேசினை வைத்து உட்கார்ந்தாள். ரோமத்தைப் பஞ்சு போலப் பிரித்து, ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் கட்டியின் மேல் போர்த்தி, வெங்காயம் வந்த வலைப்பைக்குள் போட்டு வெந்நீர் தெளித்தாள். அவசரப்பட்டு அழுத்தினால் ரோமம் விலகிச் சவுக்காரம் எட்டிப் பார்த்தது. அதனால் முதலில் குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி தடவினாள். கம்பளி பிடித்த பிறகுதான் பலங்கொண்டு தேய்த்தாள். நாற்காலியில் இருந்த கமலநாதன் டிவியைப் பார்ப்பது போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலசிப் பிழிந்ததை அவர் இடது கையில் வைத்தாள். அவர் அமுக்கிப் பார்த்தார். கவிழ்த்துப் பிடித்தார். விழவில்லை.

"சவுக்காரத்துக்குச் சட்ட போட்டிருக்கியா?"

நானே குளிப்பாட்டி விடுகிறேன் என்ற பழைய சொல் அவள் வாயில் வந்தது. நல்ல வேளை, விழுங்கிவிட்டாள்.

"குளிக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடவில்லை. உஷாராணி வெளியே நின்றாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. இன்றைக்கும் விழுந்தால் திங்கட்கிழமை அவர் முதியோர் இல்லத்துக்குப் போயாக வேண்டும். கதவில் கையை வைத்தபடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள்.

"உஷா."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து, மார்பு, தொடை எல்லாம் நுரை. கட்டியை அவள் பக்கம் நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதுகு எட்டல. தேய்ச்சு விடு."

எந்தப் புருஷனும் எந்தப் பெண்டாட்டியிடமும் கேட்பதுதான். கல்யாணமான புதிதிலிருந்து இவரும் கேட்டதுதான். நோய் வந்த பிறகு இன்றைக்குத்தான் கேட்கிறார். உஷாராணி கஃப்தானைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேய்க்கத் தொடங்கினாள். தான் அழுகிற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்றார் அவர்.