ஆடிக் கொடைக்கு நிரப்பிய டேங்க்

மும்பை சுன்னாபட்டி தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். மொபெட்டை ஓரங்கட்டி, குத்தவைத்து கார்பரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் விற்பனைக்கான இட்லிப் பாத்திரம் கட்டியபடியே இருந்தது. லேபுக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் இறங்கினேன். இறங்காமல் போனால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

ஆடி மாதக் கோயில் கொடைக்கு ஊருக்குக் கிளம்பும்போது மொபெட் டேங்கை விளிம்புவரை நிரப்பி, தாராவியில் வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுத்தான் அப்பா ரயில் ஏறுவார். டேங்க் நிறைந்திருந்தால் துரு ஏறாது என்பது அவருக்கு வேதவாக்கு. அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு அது சரி. இப்போது கலக்கிற எத்தனால் ஈரத்தை இழுத்து இழுத்து, ஒரு கட்டத்தில் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஊரில் இவர் சாமிக்குச் சாராயம் படைத்த நேரத்தில் இங்கே டேங்க் தண்ணி போட்டிருக்கிறது. நேற்று வடித்துக் காட்டினேன், பாட்டிலில் இரண்டு அடுக்காக நின்றது. புதுப் பெட்ரோல் ஊற்றியும் மிச்சம் மீதி எங்கோ இருந்திருக்கிறது.

செம்பூர் காலேஜ் லேபில் எனக்கு இதுதான் பிழைப்பு. எத்தனால் கலந்து ஓட்டு, இன்னொரு ஆல்கஹாலான பியூட்டனால் கலந்து ஓட்டு, புகை எதில் குறைகிறது, இழுவை எதில் போகிறது என்று பார். நாள் முழுக்க ஒரே இன்ஜின் இரைச்சல், ஒரே தலைவலி.

“பியூட்டனாலா இருந்தா இவ்வளவு தண்ணி இழுத்திருக்காதுப்பா.”

“அது எந்த பங்க்ல ஊத்துதான்?”

“எங்கயும் இல்ல.”

“பெறவு எதுக்கு பிரேமா சொல்லுத? தள்ளு.”

தள்ளினோம். அப்பா ஊரில் இருந்த நாட்களில் அவர் இட்லி விற்கும் காலனியில் வேறொரு இட்லிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டான் என்று கேள்வி. இன்றும் போகாவிட்டால் அந்த லைன் அவனுக்குத்தான். இந்த வயதில் இன்னொரு காலனி பிடிக்க அப்பாவால் ஆகாது. இருவருக்கும் அது தெரியும். எனக்கு அழுகையாக வந்தது.

காலனி கேட்டில் விஜயலட்சுமி மாமி நின்றிருந்தார். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து வாடிக்கை. எங்களைக் கண்டதும் கையிலிருந்த எவர்சில்வர் டப்பாவை முந்தானையால் மூடினார். ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

“இன்னிக்கும் வரமாட்டேள்னு நெனச்சுட்டேன், மாசானம்...”

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. இட்லிப் பாத்திரத்தைத் தொடவில்லை.

“அவன் சட்னி குடுத்தானாம்மா?”

மாமி மெல்ல முந்தானையை விலக்கினார். அப்பா சட்னித் தூக்கைத் திறந்து, அடுத்தவன் இட்லியின்மேல் ஒரு கரண்டி ஊற்றினார்.