புதன்கிழமை பென்டிரைவ்

எனக்குக் கோபம் வந்தால் அடக்கத் தெரியாது. வீட்டில் நான் கத்த ஆரம்பித்தால் என் கணவர் கிறிஸ்துராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கிளினிக்கில் என்னோடு கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பழனிக்குமாருக்கு அந்த வசதி கிடையாது. எதிர் நாற்காலி. தொப்பம்பட்டிக்காரன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். என்ன கத்தினாலும் "சரிங்கக்கா" என்பான். அந்த 'ங்க'வைக் கேட்டதும் பாதிக் கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்காக இன்னொரு தடவை கத்துவேன்.

எங்களுடையது திண்டுக்கல்லில், காது கேளாத பிள்ளைகளுக்கான சின்ன கிளினிக். ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்தச் சத்தம் எவ்வளவு கேட்க வேண்டும் என்ற அளவுகள் எல்லாம் சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டரில், ஒரே டேட்டாபேஸில் இருக்கின்றன. அதைக் காப்பாற்றுவது எங்கள் இருவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் நகல் எடுப்போம், அது ஃபுல் பேக்கப். மற்ற நாட்களில் முந்தைய நாளுக்குப் பின் என்ன மாறியதோ அதை மட்டும் எடுப்போம், அது இன்கிரிமென்டல். எல்லாம் ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் ஏறும். தானாகவே நடக்கும், முடிந்ததும் என் செல்போனுக்கு மெயில் வரும்.

ஐப்பசி பிறக்குமுன்பே அந்த வருஷம் மழை வந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பேக்கப் முடிந்த கொஞ்ச நேரத்தில் விழுந்த இடியில் எங்கள் சர்வர் செத்தது. சனிக்கிழமை காலையில் கருகிய வாடையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது மகேஸ்வரி மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். வத்தலக்குண்டுக்குப் பக்கத்துக் கிராமம், மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். மகள் தமிழ்மதிக்கு நான்கு வயது. காதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. காதின் பின்னால் வெளியே மாட்டுகிற மெஷின்தான் அவளுக்குச் சத்தத்தைக் கொண்டுபோக வேண்டும்.

"மெஷினு போச்சுக்கா" என்றாள் மகேஸ்வரி. "பஸ்டாண்டுல அம்புட்டு மழை. இடுப்புல இருந்தவ சறுக்கிட்டா. கழண்டு தண்ணியில விழுந்து சாக்கடைக்குள்ள ஓடிருச்சு."

மெஷின் போனது பெரிய விஷயம் இல்லை, மாற்று மெஷின் எங்களிடம் இருந்தது. அதற்குள் ஏற்ற வேண்டிய தமிழ்மதியின் அளவுகள் செத்துப்போன சர்வரில் இருந்தன. அதிலும் வியாழக்கிழமை அளவுகள்.

அந்த வியாழக்கிழமையை நான் நேரில் பார்த்தவள். அதற்கு முன்னால் மாதக்கணக்காக மெஷினை மாட்டியதும் பிள்ளை வீரிட்டு அழும், பிடுங்கி எறியும். விஜயதசமி நல்ல நாளாச்சே என்று மகேஸ்வரி கூட்டி வந்தாள். எங்கள் அனிஷா, பிள்ளைகளுக்குக் கேட்கப் பழக்குகிறவள், காலையிலிருந்து மதியச் சோறு கூடத் தின்னாமல் ஒவ்வொரு சத்தமாக ஏற்றி இறக்கி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தமிழ்மதி அழவில்லை. எவர்சில்வர் டம்ளரை மேசையில் தட்டினாள். சிரித்தாள். மறுபடி தட்டினாள். எங்கள் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது.

"வியாழக்கிழமை அளவை எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கியாடி?" என்று அனிஷாவைக் கேட்டேன்.

"இல்லக்கா. கம்ப்யூட்டர்லதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

"பழைய அளவைப் போட்டா?"

"திரும்பப் பிடுங்கி எறிவா. அப்புறம் தலையில கை வைக்கவே விடமாட்டாக்கா. மறுபடி அந்த எடத்துக்கு எப்பக் கொண்டுவருவேன்னு எனக்கே தெரியல."

மகேஸ்வரி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து மல்லிகையை எடுத்து மடியில் கொட்டி, கட்ட ஆரம்பித்தாள். சும்மா இருந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது. தமிழ்மதி டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுக் காதைத் தொட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. ஓங்கித் தட்டினாள். என்னால் பார்க்க முடியவில்லை, எழுந்து சர்வர் அறைக்குப் போய்விட்டேன்.

சர்வருக்குப் புது டிஸ்க்கைப் பொருத்தி, ஞாயிற்றுக்கிழமை ஃபுல் பேக்கப்பை ஏற்றத் தொடங்கினேன். அதை நாலு துண்டாகப் பிரித்து எடுத்து வைத்திருந்ததால் நாலையும் ஒரே நேரத்தில் ஏற்றலாம். ஒரு அடுப்பில் சமைப்பதற்குப் பதில் நாலு அடுப்பில் சமைக்கிற மாதிரி. ஆனால் இன்கிரிமென்டலில் அந்த ஜம்பம் பலிக்காது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று வரிசையாகத்தான் ஏற வேண்டும். ஒன்று இல்லையென்றால் அதற்கடுத்தது ஏறவே ஏறாது.

பேக்கப் டிஸ்க்கைத் திறந்தேன். திங்கள் இருந்தது. செவ்வாய் இருந்தது. வியாழனும் வெள்ளியும் இருந்தன.

"ஏலே பழனி! புதன் எங்கடா?"

பழனிக்குமார் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

புதன்கிழமை ஆயுத பூஜை. எனக்கு அன்று லீவு. "நமக்கு இதுதானுங்கக்கா ஆயுதம்" என்று அந்த மகராசன் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலைக்கு நடுவில் சாமி முன்னால் வைத்துவிட்டான். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாதாம். டிஸ்க் இல்லாவிட்டால் பேக்கப் நடக்காது, எனக்கு மெயில் வரும், நான் காய்ச்சி எடுப்பேன். அதனால் தன் பாட்டு பென்டிரைவைச் செருகி, அன்றைக்கு மட்டும் அதில் ஏறும்படி மாற்றிவிட்டான். எனக்கும் 'வெற்றி' என்று மெயில் வந்தது, நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

"காலைல எடுத்து டிஸ்க்குல போட்டுரலாம்னுதானுங்க இருந்தேன். நீங்க வந்ததும் டிஸ்க்குல ஒயர் சொருகுற ஓட்டைக்குள்ள குங்குமம் போயிருக்குன்னு கத்துனீங்களா, அதுல மறந்துட்டேனுங்க."

"இப்ப அது எங்க இருக்கு?"

"மச்சான் ஜீப்புல பாட்டு கேக்கோணும்னு வாங்கிட்டுப் போயிட்டாருங்க."

அவன் மச்சான் உடையப்பன் சிறுமலைக்கு ஜீப் ஓட்டுகிறார். செல்போனில் கூப்பிட்டோம், மலையில் சிக்னல் இல்லை. ஃபுல் பேக்கப் ஏறட்டும் என்று விட்டுவிட்டு, என் ஸ்கூட்டியை எடுத்தேன். பழனிக்குமார் பின்னால் உட்கார்ந்தான்.

மலைப்பாதை முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு "சரிங்கக்கா" வந்தது. பாதி வழிக்கு மேல் அவன் குரலே வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். "எம் புள்ளைக்கும் அதே வயசுதானுங்கக்கா" என்றான். நான் திட்டுவதை விட்டு வண்டியை விரட்டினேன்.

ஜீப் கண்ணில் படுமுன்னே பாட்டு கேட்டது. மேல் வளைவிலிருந்து அலறிக்கொண்டே வந்தது. நான் ஸ்கூட்டியைக் குறுக்கே நிறுத்தினேன். வாழைத்தார் மூட்டைகளோடு ஜீப் கிறீச்சிட்டு நின்றது.

"என்ன மாப்ள, வீட்டுல எதும் ஆகிப்போச்சா?" என்று உடையப்பன் பதறி இறங்கினார்.

"பென்டிரைவைக் குடுங்க மச்சான். அதுல இருந்ததை எதாச்சும் அழிச்சீங்களா?"

"அதை ஏன் கேக்குற. அதுல ஒண்ணு மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது. அது வந்தா செட்டு அப்புடியே நின்னுபோகுது, நானும் தட்டித் தட்டிப் பாக்குறேன். நேத்து வத்தலக்குண்டுல செல்லு கடையில குடுத்து அழிச்சுப்புடலாம்னு போனேன். பேஞ்ச மழையில அவன் கடையப் பூட்டிட்டுப் போயிட்டான்."

முந்தின நாளெல்லாம் அந்த மழையைக் கரித்துக் கொட்டியவள் நான். ஜீப் பம்பரிலேயே சாய்ந்து நின்று, "மாதாவே, நல்லா பெய்யட்டும்" என்றேன். உடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை ஸ்கூட்டியில் மாட்டிவிட்டார்.

நாங்கள் திரும்பி வரும்போது ஃபுல் பேக்கப் ஏறி முடிந்திருந்தது. திங்களை ஏற்றினேன், செவ்வாயை ஏற்றினேன். புதன்கிழமை பென்டிரைவைச் செருகினேன். அரை நாள் வேலை செய்த நாள், அதில் பெரிதாக ஒன்றுமே இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. அது இல்லாமல் வியாழன் அசைந்திருக்காது. வியாழனும் ஏறியது. தமிழ்மதியின் பெயரைத் தட்டினேன், அளவுகள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அனிஷா என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மாற்று மெஷினில் அளவுகளை ஏற்றி, தமிழ்மதியின் காதுக்குப் பின்னால் மெல்ல மாட்டினாள். பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிப் பொம்மையோடு உட்கார்ந்திருந்தது. மகேஸ்வரி பின்னாலிருந்து கூப்பிட வேண்டும். பாவி மகள் வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. அனிஷா கையைப் பிசைகிறாள்.

அப்போதுதான் பார்த்தேன். கதவோரம் நின்றிருந்த பழனிக்குமார், வெள்ளிக்கிழமை இன்னும் ஏறாமல், புதனையும் பேக்கப் டிஸ்க்கில் நகல் எடுக்காமல் இருக்கும்போதே, அந்தப் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே பழனி! அதை ஏன்டா எடுத்த?"

தமிழ்மதி திரும்பினாள்.

அழவில்லை, பிடுங்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு நான் கையை நீட்டிய பக்கம் பழனிக்குமாரைப் பார்த்தாள். அவன் பயந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் போலவே அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"ஏ...யே" என்றாள்.

மகேஸ்வரி மடியிலிருந்த பூவெல்லாம் சிதற எழுந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். "அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு எம்புட்டு நாளா கெஞ்சுறேன். மொத மொத வார்த்தை 'ஏலே'யாடி என் தங்கமே!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

தமிழ்மதி தாயின் தோளுக்கு மேலாக மறுபடி கையை நீட்டி, இன்னும் ஓங்கி, "ஏயே!" என்றாள்.

பழனிக்குமார் பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தான். கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து, அவளுக்கும் பணிவாகவே பதில் சொன்னான்.

"சரிங்க கண்ணு."