பதினோரு வரி வாக்கியம்

நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். நூலக மாடியில் நடக்கும் வாசிப்புக் கூட்டத்துக்குத் துணை வேண்டுமென்று, தையல் கடையைப் பூட்டவைத்து அண்ணியை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இவர்களோடு சேர்த்து நான்கு பேர். மேசையில் செங்கல் கனத்துக்கு ஒரு தத்துவப் புத்தகம். மூன்று வாரமாக முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. யாராவது வாசிப்பார்கள், ரிட்டயரான பேங்க் ஆபீசர் கண்ணை மூடி, "ஆழம்... நல்ல ஆழம்" என்பார், பல் டாக்டர் தலையாட்டுவார், டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

நான்காவது வாரம் தையல்காரிக்குப் பொறுக்கவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. எனக்கு ஒரு எழவும் புரியல."

நாத்தனார் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். பேங்க் ஆபீசர் கண்ணைத் திறந்தார். "எனக்கும்தாம்மா." பல் டாக்டர் விட்ட பெருமூச்சில் பக்கமே புரண்டது.

முதல் வாக்கியம் மட்டும் பதினோரு வரி. அளவு சரியில்லாத சட்டையைப் பிரிப்பது போல அவள் அதைப் பிரித்தாள். "கடைசில என்ன இருக்கு? 'காண்கிறோம்'. யாரு காண்றது? நாம. எதை?" அந்த 'எதை' ஆறாவது வரியில் ஒளிந்திருந்தது. இடையில் கிடந்த 'எனினும்', 'ஆகையால்' கூட்டத்தையெல்லாம் ஓரங்கட்டினாள். ஒன்றரை மணி நேரத்தில் மிஞ்சியது இதுதான்: நாம் பொருளையல்ல, நம் எதிர்பார்ப்பையே காண்கிறோம்.

"அட, இவ்வளவுதானா! என் கஸ்டமருங்க கண்ணாடி முன்னாடி நின்னு இதைத்தானே பண்றாங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் குஷியில் நாத்தனார் அடுத்த வாக்கியத்தை வாசித்தாள். நான்கே சொல்.

"இப்படிச் சொல்வோர் தவறு செய்கிறார்கள்."

தையல்காரிக்குக் காது சிவந்துவிட்டது. "இந்த மனுஷனுக்கு அதை முதல்லயே சொன்னா என்ன கேடு?"

எங்காவது அந்த எழுத்தாளரை மடக்கியே தீருவதென்று புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். இஸ்திரிப் பெட்டி சூடாகும் இடைவெளியிலெல்லாம் வாசித்தாள். அடுத்த வாரம் பதினாலு பக்கம் முடிந்திருந்தது. அளவு எழுதும் சீட்டுகளில் கேள்வி கேள்வியாக எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஒன்பதாம் பக்கத்துல ஒத்துக்கிட்டதைப் பதிமூணுல இல்லேங்கறாரு. பதில் சொல்லச் சொல்லு!"

"அண்ணி, அவரு செத்து எண்பது வருஷம் ஆச்சு."

"செத்தா என்ன? பதில் சொல்லிட்டுல்ல போயிருக்கணும்!"

பேங்க் ஆபீசர் பக்கத்தைப் புரட்டினார். "இல்லம்மா, இங்க 'சில சமயம்'னு ஒண்ணு போட்டிருக்காரே."

"எங்க? காட்டுங்க." நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

விளக்கை அணைக்க வந்த நூலகர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.